திருநீறு மடித்த தாள்

கல்லூரியின் தேர்வு விதிகளைத் தேர்வு அதிகாரி பரமேஸ்வரன் தலைகீழாகச் சொல்வார். சொல்லாமல் என்ன செய்வார், எழுதினவரே அவர்தானே. முப்பத்து நான்கு விதிகள், மலாயில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை. கைப்பேசி கூடாது, கைக்கடிகாரம் கூடாது, தண்ணீர்ப் போத்தலில் லேபிள் ஒட்டியிருக்கக் கூடாது, பென்சில் பை உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனையையும் வாசிப்பார். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மனுஷன் ஒரு வரியையும் விடமாட்டார்.

தாத்தா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். அப்பா கல்வி இலாகாவில் தலைமைக் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த குடும்பம். "எங்கட வீட்டில ஒருத்தரும் ஆபீசிலயிருந்து ஒரு குண்டூசிகூட எடுத்துக்கொண்டு வந்ததில்லை" என்பார். குண்டூசியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. அவராகவே சொல்லிக்கொள்வார்.

மருந்தியல் தேர்வு நடந்த செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் வாசித்தார். பதினொன்றாம் விதியை மட்டும் இரண்டு தடவை. எழுத்துள்ள எந்தத் தாளும் மண்டபத்துக்குள் வரக் கூடாது. வந்தால், அதைப் பார்த்து எழுதினாலும் எழுதாவிட்டாலும் முறைகேடுதான். பன்னிரண்டாம் விதியை வழக்கம்போல வேகமாகத் தாண்டினார். தெரியாமல் நடந்துவிட்டது என்று விசாரணைக் குழு நம்பினால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று சொல்கிற விதி அது. அதையும் அவர்தான் எழுதினார். தன்னைக் கல்நெஞ்சுக்காரர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று எழுதினார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வரிசைக்கு நடுவே நடந்துகொண்டிருந்த இளம் விரிவுரையாளர் மிஸ் லிம், யோகேஸ்வரியின் மேசைக்கு முன்னால் நின்றார். யோகேஸ்வரி பெக்கான் நானாஸ் என்ற சின்ன ஊர்ப் பெண். மருந்தாளர் டிப்ளோமாவில் கடைசிக்கு முந்தின செமஸ்டர். அவளுடைய பென்சில் பைக்குள், பேனாக்களுக்கு நடுவே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது.

என்ன இது என்று மிஸ் லிம் மலாயில் கேட்டார். "திருநீறு மிஸ், கோயில்ல கொடுத்தது, அம்மா வச்சு விட்டாங்க" என்று அவளும் மலாயிலேயே சொன்னாள். பிரித்துக் காட்டச் சொன்னதும் கொஞ்சமும் யோசிக்காமல் தானே பிரித்தாள். திருநீறு விடைத்தாள் மேலெல்லாம் கொட்டியது. பிரித்த தாளின் உள்பக்கம் முழுக்கப் பென்சிலில் குட்டிக் குட்டி எழுத்து. குழந்தைகளுக்கு எடைக்குத் தகுந்த மருந்து அளவு கணக்கிடும் முறை. அன்றைய கேள்வித்தாளில் நான்காவது கேள்வியும் அதேதான்.

பரமேஸ்வரன் மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்களின் முகம் அவருக்கு மனப்பாடம். பார்ப்பதற்கு முன்பே அழுகிறவர்கள், பார்த்ததும் சண்டைக்கு வருகிறவர்கள், தாளை வாயில் போட்டு விழுங்குகிறவர்கள், எல்லாரையும் பார்த்திருக்கிறார். இது அந்த முகம் இல்லை. அவள் தன் கையெழுத்தையே முறைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது எப்படி சார் இதுக்குள்ள வந்துச்சு?" என்று அவரிடம் தமிழில் கேட்டாள்.

எப்படி வந்திருக்கும் என்று அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வீட்டில் எந்தத் தாள் கைக்குக் கிடைத்ததோ அதில் மடித்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள விசாரணைக் குழு வேண்டியதில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் தமிழ் பேசுகிற அதிகாரி அவர் ஒருவர்தான், நூற்றுப் பத்துப் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் லிம், பாரத்தைப் பூர்த்தி செய்யுங்கள்" என்றார், ஆங்கிலத்தில்.

நான்காம் நாள் அவள் அம்மா வந்தாள். பேர் பேச்சியம்மாள். பெக்கான் நானாஸில் அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் பழம் வெட்டுகிற வேலை. கணவர் லெட்சுமணன் லாரி விபத்தில் போய் எட்டு வருஷமாகிறது. அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அன்னாசிச் சாறு பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்த விரல்களால் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது சார். நாந்தான் கிழிச்சேன்."

"எதைக் கிழிச்சீங்க?"

"திங்கக்கிழம வேலை முடிஞ்சு அப்படியே கோயிலுக்குப் போனேன் சார். மறுநாளு பாப்பாவுக்குச் சோதனை, அவ பேருக்கு ஒரு அர்ச்சனை. ஐயரு எலையில வச்சுத் திருநீறு குடுத்தாரு. பஸ்ல வர்றதுக்குள்ள எலை கிழிஞ்சு போச்சு. வீட்டுல மடிக்கிறதுக்குப் பேப்பர் தேடினேன். தமிழ்ப் பேப்பரு மேசையிலதான் கெடந்துச்சு. எடுத்தா பக்கம் பூரா செத்தவங்க படம். பதினாறாம் நாளு, கண்ணீர் அஞ்சலி. அதுலயா சார் பிள்ளைக்குத் திருநீறு மடிச்சுக் குடுப்பேன்?"

பரமேஸ்வரன் கையிலிருந்த பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"பழைய பேப்பர்க் கட்டுல பாப்பாவோட போன செமஸ்டர் நோட்டு கெடந்துச்சு. அதுல ஒரு பக்கம் கிழிச்சேன்." அவள் குரல் உடைந்தது. "அதே நோட்டுல வெள்ளத் தாளும் இருந்துச்சு சார். நான் பாத்துட்டேதான் விட்டேன். எழுதாத தாளுல என்ன இருக்கு? படிப்பு எழுதின தாளுன்னா சரஸ்வதி இருப்பாளேன்னு, தேடிப் பாத்து, நெறைய எழுதியிருக்கிற பக்கமா கிழிச்சேன். எனக்கு இங்கிலீசு எழுத்து வாசிக்கத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா என் கையிலயே அடிச்சிருப்பேன்."

இப்படி ஒரு பொய்யை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கட்ட முடியாது. பரமேஸ்வரனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில்தான் அவரும் வளர்ந்தார். அவள் நோட்டை மேசைமேல் வைத்து, கிழித்த இடத்தைத் திறந்து காட்டினாள். அவர் அதைத் தொடாமல், ஒரு விரலால் அவள் பக்கமே தள்ளினார்.

"அம்மா, விசாரணைக் குழுவில் இருக்கிறவர் வெளியே வைத்து எதையும் வாங்கக் கூடாது. அது விதி. பிள்ளை விசாரணைக்கு வரும்போது கொண்டு வரட்டும்."

"நான் வந்து சொல்லலாமா சார்?"

"பெற்றோருக்கு அனுமதி இல்லை."

"அப்ப நீங்க சொல்லுங்க சார். அவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நம்ம ஆளு, உங்களுக்குத் தெரியுமே."

நம்ம ஆளு என்ற வார்த்தை அவருக்குச் சுருக்கென்று குத்தியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அர்ச்சுனன் என்று ஒரு மாணவன் வேறொருவனுடைய அறிக்கையைப் பார்த்து எழுதிய விவகாரத்தில், பையனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று பரமேஸ்வரன் குழுவில் ஒரு வார்த்தை சொன்னார். அன்று மதியம் கேண்டீனில் யாரோ ஒருவர், மிஸ்டர் பரம் தன் ஆட்களைக் கைவிடமாட்டார் என்று சிரித்தார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். இவர் நான்கு வருஷமாக அதைச் சுமந்துகொண்டு திரிகிறார். போதாக்குறைக்குத் தேர்வுப் பதிவாளர் வேலை ஜனவரியில் காலியாகப் போகிறது. அந்த நாற்காலிக்கு அவர் பெயர் அடிபடுகிறது.

"உண்மை இருந்தால் வெளியே வரும்மா. போயிட்டு வாங்க" என்றார்.

உண்மை தானாகக் கிளம்பி எங்கே வரும்? யாராவது வாயைத் திறந்து சொன்னால்தானே வரும். பேச்சியம்மாளுக்கு அதெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. சார் நல்ல வார்த்தை சொல்லிவிட்டார் என்று இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனாள்.

விசாரணை அடுத்த வாரம். குழுவில் மூன்று பேர். துணை முதல்வர் ரஸாலி, மருந்தியல் துறைத் தலைவர் டாக்டர் வோங், அப்புறம் பரமேஸ்வரன். யோகேஸ்வரி வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு வந்தாள். அழவில்லை. நடந்ததை நடந்தபடி மலாயில் சொன்னாள். பை தன்னுடையது, கையெழுத்து தன்னுடையது, பொட்டலம் இருப்பது தெரியும், மடித்த தாளில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். டாக்டர் வோங் கிழிந்த தாளைக் கிழிந்த ஓரத்தோடு வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

"இது உன்னுடைய நோட்டு என்பதைத்தான் இது காட்டுகிறது. அதை நீயே ஒத்துக்கொண்டாயே" என்றார் வோங். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் போடுகிற மனுஷன். "இந்த நோட்டில் பன்னிரண்டு வெள்ளைத் தாள் இருக்கிறது. உன் அம்மா அதையெல்லாம் விட்டுவிட்டு எழுதின பக்கத்தை எடுத்திருக்கிறார். அதுவும் தேர்வில் வந்த கணக்கு உள்ள பக்கத்தை. ஏன்?"

அவள் சொன்னாள். தாயார் சொன்ன அதே காரணம். மலாயில் சொல்லும்போது அது இன்னும் நம்ப முடியாததாக இருந்தது. படிப்புத் தெய்வம் எழுத்துள்ள தாளில் இருக்கும் என்று அம்மா நம்புகிறார் என்றாள். வோங் எதையோ குறித்துக்கொண்டார்.

ரஸாலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் பரம், எனக்கு இந்தப் பிள்ளையை நம்பத்தான் ஆசை. ஆனால் ஆசையைத் தீர்ப்பில் எழுத முடியாது. எனக்கு உங்கள் வழக்கமெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கோயில் சாம்பலை இந்த மாதிரி வீட்டில் கிடைக்கிற தாளில் மடித்துக் கொடுப்பது உண்டா? எழுதின தாளை ஒரு தாய் வேண்டுமென்றே எடுப்பாரா? உண்டு என்று நீங்கள் சொன்னால், பன்னிரண்டாம் விதியைப் போட்டு எச்சரிக்கையோடு இங்கேயே முடித்துவிடலாம்."

ஒரே ஒரு ஆமாம் போதும். அவள் அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுவாள், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்விடுவாள். யோகேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். அந்த அறைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பரமேஸ்வரனுக்கு அந்தக் கேண்டீன் சிரிப்புக் கேட்டது. தொண்டையைச் செருமினார்.

"என் வீட்டில் திருநீறு வெள்ளிக் கிண்ணத்தில் இருக்கும். தாளில் மடிக்கிற பழக்கம் என் வீட்டில் இல்லை. மற்றக் குடும்பங்களுக்காக நான் சாட்சி சொல்வது முறையாக இருக்காது."

பாருங்கள், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மூன்று தலைமுறை நேர்மை அல்லவா, பொய் சொல்ல வருமா? யோகேஸ்வரி அவரைப் பார்த்தபடியே இருந்தாள். கோபம் இல்லை அதில். தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தெரிந்ததும் ஒருத்தர் முகம் எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே மனைவி பிரேமளாவிடம் சொன்னார். தான் எந்தப் பக்கமும் சாயாமல் நடந்துகொண்டதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். பிரேமளா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கேட்டு முடித்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"வெள்ளிக் கிண்ணம் எங்கட வீட்டில இருக்கு. சரி. அந்தக் கிண்ணத்துக்குள்ள திருநீறு ஆகாயத்திலயிருந்தா விழுந்தது? போன வெள்ளிக்கிழமை கோயில்லயிருந்து நான் எதில சுத்திக்கொண்டு வந்தன் எண்டு தெரியுமோ? காருக்குள்ள கிடந்த உங்கட மீட்டிங் நோட்டீசில."

"அது வேற."

"என்ன வேற? அந்தப் பிள்ளையின்ர தாய் பழம் வெட்டுறா, நான் ரீச்சர். அதுதானே வேற?"

"நான் பொய் சொல்லேல்லை பிரேமா" என்றார்.

"சொல்லேல்லை. அதைவிடக் கேவலமான வேலை செய்திருக்கிறியள்." கோப்பையைக் கழுவப் போட்டுவிட்டு வந்து நின்றாள். "தீர்ப்புக் கையெழுத்தாகீட்டுதோ?"

"இல்லை. நாளைக்கு."

"அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. நேற்று நான் முழுசாச் சொல்லேல்லை, எங்கட சனத்திட்ட இது உள்ள வழக்கம்தான் எண்டு. ஒரு நிமிசம் பிடிக்காது."

சொல்கிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். காலையில் குளித்து, அந்த வெள்ளிக் கிண்ணத்திலிருந்தே திருநீறு பூசி, காரில் போகும்போது ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தயார் செய்துகொண்டார். ரஸாலியின் அறைக் கதவைத் தட்டியபோதுகூட அந்த இரண்டு வாக்கியமும் நாக்கு நுனியில்தான் இருந்தன.

ரஸாலி எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"மிஸ்டர் பரம், உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொந்த இனத்துப் பிள்ளை. வேறு யாராக இருந்தாலும் வாயில் வந்ததைச் சொல்லிக் காப்பாற்றியிருப்பார்கள். முதல்வரிடமும் சொன்னேன். பதிவாளர் நாற்காலியில் இப்படி ஒருத்தர்தான் உட்கார வேண்டும் என்றார்."

மேசைமேல் தீர்ப்புத் தாள் தயாராக இருந்தது. ரஸாலி, வோங் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது இடம் காலி. எங்கே, அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லவேண்டியதுதானே? சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவரிடம் விதி எதுவும் இல்லை. பரமேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது.

மருந்தியல் பாடத்தில் தோல்வி. இரண்டு செமஸ்டர் இடைநீக்கம். மருத்துவமனைப் பயிற்சி ரத்து. மதிப்பெண் பட்டியலில் தேர்வு முறைகேடு என்று ஒரு வரி. இடைநீக்கம் முடிந்து படித்துத் தேறினாலும் அந்த வரி போகாது. மருந்துக் கடையில் வேலைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தாயும் மகளும் மாணவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். பரமேஸ்வரன் அவர்களை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாகக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விடலாம் என்றுதான் இறங்கினார். பேச்சியம்மாள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எந்தக் கார் சாருடையது என்று காவலாளியிடம் கேட்டு வைத்திருக்கிறாள். கையில் பிளாஸ்டிக் பை, அதில் இரண்டு அன்னாசிப் பழம். இரண்டு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். பின்னால் யோகேஸ்வரி வெயிலில் நின்றாள்.

"சார், ஒங்களப் பாத்துட்டுத்தான் போகணும்னு நின்னேன்."

"எனக்கு ஒரு மீட்டிங் இருக்கும்மா."

"ஒரு நிமிசம் சார். வெளிய தொரத்திடுவாங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நான் வீட்டுல ஒரு வாய் சோறு தின்னு பல நாளாச்சு சார். என் கையால பிள்ளையோட படிப்பக் கிழிச்சுப் போட்டுட்டேனேன்னு, கத்தியப் புடிச்சுப் பழம் வெட்டறப்ப எல்லாம் இந்தக் கைய வெட்டிக்கலாமான்னு இருக்கும். அப்பறம் ரெண்டு செமஸ்டரோட விட்டுட்டாங்கன்னு கடுதாசி வந்துச்சு. அப்பத்தான் நெனச்சேன், உள்ள நம்ம சார் ஒருத்தரு இருந்ததால இதோட போச்சு. இல்லாட்டி என் பிள்ள கதி என்ன ஆயிருக்கும்?"

பரமேஸ்வரன் கார்ச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவகிட்ட எத்தன தடவ கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறா சார்." மகள் பக்கம் திரும்பினாள். "சொல்லு பாப்பா. சார் உள்ள நமக்காகப் பேசினாருல்ல?"

யோகேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். மிஸ் லிம் கேட்டபோது உண்மை சொன்னாள். வோங் கேட்டபோது உண்மை சொன்னாள். ரஸாலி எழுதிக் கொடு என்றதற்கு மூன்று பக்கம் உண்மையாக எழுதிக் கொடுத்தாள். அத்தனைக்கும் அவளை யாரும் நம்பவில்லை. இப்போது அம்மாவின் உரிந்த விரல்களை ஒரு தடவை பார்த்தாள்.

"பேசினாரும்மா" என்றாள். "நமக்காக ரொம்பப் பேசினாரு."

பேச்சியம்மாள் அதை அப்படியே நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பழப் பையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் இப்போதாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். யோகேஸ்வரி கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

பரமேஸ்வரன் பையை வாங்கிக்கொண்டார்.

"என்னால் முடிந்ததைச் செய்தேன்மா" என்றார்.